ஓங்கில் காட்சியின் உண்மை விலை

மேற்குக் கடற்கரையில் நடைபெற்ற ஆசிரியர் பயிற்சி முகாம் ஒன்றில், உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, புலியையும் யானையையும் விலங்குக் காட்சிச் சாலையில் வைத்துக் குழந்தைகளுக்குக் காட்டுகிறோம். டால்பினை மட்டும் ஏன் காட்டலாகாது? எங்கள் மாணவர்கள் கடலுக்கு மிக அருகில் வாழ்ந்தும் அதனைக் கண்ணால் கண்டதில்லை. துபாய் சென்று திரும்பிய ஒரு பையன் மட்டும் அதன் வேடிக்கையைப் பார்த்திருக்கிறான். அவன் சொல்வதைக் கேட்டு மற்றவர்கள் ஏங்குகிறார்கள்" என்றார் அவர்.

கேள்வி நேர்மையானது. "அரசாங்கம் அனுமதிக்கவில்லை" என்று ஒரே சொல்லில் விடையிறுத்துவிடலாம். ஆனால் அவ்விடை கேள்வியை அடக்குமேயன்றி ஐயத்தைத் தீர்க்காது. காரணத்தை உணராமல் கைக்கொள்ளும் விதி நெடுநாள் நிலைப்பதில்லை. ஆதலின், கடலிலிருந்து ஓங்கில்களைப் பிடித்து விற்கும் தொழில் எவ்வாறு நடைபெறுகிறது என்பதையும், நம் நாடு அதற்கு ஏன் கதவடைத்தது என்பதையும், இப்பிரசுரத்தைப் படிக்கும் கள ஊழியர்களும் ஆசிரியர்களும் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

டால்பின் என வழங்கும் ஓங்கில் மீன் அன்று. நம்மைப் போல் நுரையீரலால் மூச்சுவிட்டு, குட்டி ஈன்று, பாலூட்டி வளர்க்கும் பிராணி. காட்சிக் குளங்களில் பெரும்பாலும் காணப்படுவது புட்டிமூக்கு ஓங்கில் என்னும் இனமாகும். அதன் தாடையின் அமைப்பு எப்பொழுதும் சிரிப்பது போன்ற தோற்றத்தைத் தருகிறது. நோயுற்றிருப்பினும், துன்புற்றிருப்பினும், ஏன், இறந்து கிடப்பினும் அச்சிரிப்பு மாறுவதில்லை. காண்போர் அதனை மகிழ்ச்சி என்று எண்ணிக்கொள்வது இயல்பே. இத்தொழில் வளர்ந்ததற்கு இவ்வொரு மயக்கமே பெருங் காரணம் எனலாம்.

பிடிக்கும் முறை

ஜப்பான் நாட்டின் வாகயாமா மாகாணத்தில் தாய்ஜி என்னும் சிற்றூர் உள்ளது. 1969-ஆம் ஆண்டில் அவ்வூரில் திமிங்கிலப் பொருட்காட்சிச் சாலை ஒன்று திறக்கப்பட்டபோது, அங்கே உயிருடன் வைத்துக் காட்டுவதற்கென்று பிராணிகளைக் கூட்டமாக ஓட்டிப் பிடிக்கலாயினர். ஆண்டுதோறும் செப்டம்பர் மாதம் இவ்வேட்டை தொடங்கிக் குளிர்காலம் வரை நடைபெறும். படகுகள் கடலில் அணிவகுத்துச் சென்று, ஓங்கில் கூட்டம் தென்பட்டதும் நீண்ட இரும்புக் குழாய்களை நீருள் இறக்கி, அவற்றின் தலைப்பைச் சுத்தியலால் ஓயாமல் அடிக்கும்.

இதன் விஞ்ஞானம் ஆசிரியர்களுக்குப் புதிதன்று. ஒலி காற்றில் செல்வதைவிட நீரில் நான்கு மடங்குக்கும் மேற்பட்ட வேகத்துடன், விநாடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் செல்லும். ஓங்கில் தான் எழுப்பும் ஒலியின் எதிரொலியைக் கொண்டே வழியறிந்து இரை தேடுவது. குழாயோசை சூழ்ந்ததும் அதற்கு முன்னால் ஓர் ஒலிச்சுவர் எழுகிறது. அச்சுவரை விட்டு விலகி ஓடும் கூட்டம் கரையோரக் குடாவுக்குள் புகுந்ததும், குடாவின் வாயை வலையிட்டு அடைத்துவிடுகின்றனர். பிறகு பயிற்றுநர்கள் வந்து, தழும்பற்ற இளம் பிராணிகளை, குறிப்பாகப் பெண்களை, தெரிந்தெடுப்பர். எஞ்சியவற்றுள் சில இறைச்சிக்காகக் கொல்லப்படும். சில கடலுக்குத் திரும்ப விரட்டப்படும்.

இங்கே ஒன்றை ஊன்றி நோக்க வேண்டும். இறைச்சிக்குக் கிடைப்பதைவிடப் பல மடங்கு மிகுதியான விலை உயிருள்ள ஓங்கிலுக்குக் கிடைக்கிறது. "எப்படியும் கொல்லப்பட இருந்ததைக் காப்பாற்றி வாங்கினோம்" என்று சில காட்சியகத்தார் கூறுவதுண்டு. உண்மை அதற்கு நேர்மாறானது. படகுக்கும் எண்ணெய்க்கும் ஆட்கூலிக்கும் ஈடுகொடுப்பதில் அவர்கள் தரும் பணத்துக்குப் பெரும் பங்கு உண்டு. வாங்குபவர் இல்லையேல் ஓட்டிப் பிடிக்கும் தொழிலும் தளரும். 2015-ஆம் ஆண்டில் உலக விலங்குக் காட்சிச் சாலைகளின் சங்கம் ஜப்பானிய சங்கத்தை உறுப்புரிமையினின்று நிறுத்திவைத்ததும், அதே ஆண்டு மே மாதத்தில் ஜப்பானிய சங்கம் தன் உறுப்பினர்கள் தாய்ஜி வேட்டையிலிருந்து ஓங்கில்களைப் பெறலாகாது என்று முடிவு செய்ததும் இதனை உணர்ந்தே ஆகும். ஆயினும், அச்சங்கத்தில் சேராத காட்சியகங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் விற்பனை தொடர்ந்தது.

ஒன்று போனால் எஞ்சியவை என்னாகும்?

புலியோடு ஓங்கிலை ஒப்பிட்ட ஆசிரியருக்கு நாம் கூறவேண்டிய முதல் விடை இதுவே. புலி தனித்து வாழ்வது. மேலும், இன்று காட்சிச் சாலைகளில் நாம் காணும் புலிகள் பெரும்பாலும் அங்கேயே பிறந்தவை. ஓங்கிலோ கூட்டமாக வாழ்வது. அதனைப் பிடிப்பதும் கூட்டத்தைக் கலைத்தே. அமெரிக்காவில் பிளாரிடா மாகாணத்துச் சரசோட்டா விரிகுடாவில் 1970-ஆம் ஆண்டு முதல் ஓங்கில்களை ஒவ்வொன்றாக அடையாளங்கண்டு ஆராய்ந்து வருகின்றனர். ஒரே குடும்பத்தின் பல தலைமுறைகள் அவ்விரிகுடாவிலேயே வாழ்ந்து வருவதையும், குட்டிகள் மூன்று முதல் ஆறு ஆண்டுகள் வரை தாயை விட்டுப் பிரியாதிருப்பதையும், பெண் ஓங்கில் அறுபது ஆண்டுகளுக்கு மேலும் உயிர் வாழக்கூடும் என்பதையும் அவ்வாராய்ச்சி காட்டியுள்ளது. ஒவ்வோர் ஓங்கிலுக்கும் தனக்கே உரிய சீழ்க்கை உண்டு என்பது 1965-ஆம் ஆண்டிலேயே விஞ்ஞானிகள் கண்ட செய்தி. நாம் பெயர் சொல்லி அழைப்பதைப் போன்றதே அது.

மீன்வள ஊழியர்கள் இதனை ஒரு கணக்காகவும் பார்க்கலாம். மத்தி மீன் பல்லாயிரம் முட்டையிடும். புட்டிமூக்கு ஓங்கில் ஓராண்டு கருவுற்றிருந்து ஒரே குட்டி ஈனும். அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஆறு ஆண்டுகள் ஆகும். எடுத்துக்காட்டாக, நூறு ஓங்கில்கள் உள்ள கூட்டத்தில் குட்டி ஈனும் பெண்கள் இருபத்தைந்து என்று கொள்வோம். நான்கு ஆண்டுக்கு ஒன்றாக அவை ஈனுமாயின், ஓராண்டில் பிறப்பவை ஆறு குட்டிகள். அவற்றுள் ஒன்றிரண்டு முதலாண்டிலேயே மடியும். எஞ்சிய நான்கைந்தில் பாதியே பெண். இக்கூட்டத்திலிருந்து ஆண்டுக்கு ஐந்து இளம் பெண்களை எடுத்தால், இருக்கும் முதலையே எடுத்துச் செலவழிப்பதாகும். மேல் வகுப்பு மாணவர்களிடம் இக்கணக்கைக் கொடுத்து, இருபது ஆண்டுகளுக்குப் பின் கூட்டம் என்ன ஆகும் என்று கணக்கிடச் செய்யலாம்.

இது வெறும் கணக்கன்று என்பதற்கு அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணக் கடல் சான்று. ஓங்கில் குடும்பத்திலேயே மிகப் பெரியதான ஓர்க்கா அங்கே வாழ்கிறது. 1970-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பென் கோவ் என்னும் குடாவுக்குள் ஏறக்குறைய எண்பது ஓர்க்காக்களை விரைவுப் படகுகளும் வெடிகளும் கொண்டு விரட்டியடைத்து, ஏழு இளம் பிராணிகளைப் பிரித்தெடுத்தனர். வலையில் சிக்கிச் சில குட்டிகள் மூழ்கி இறந்தன. பிடிக்கப்பட்ட ஏழில் ஒரு பெண் ஓர்க்கா, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் மியாமி நகரத்துக் குளம் ஒன்றில் வாழ்ந்து, 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டில் இறந்தது. அவ்வொரு கூட்டத்தினின்றும் 1960-களிலும் 1970-களிலும் நாற்பதுக்கும் மேற்பட்டவை எடுக்கப்பட்டன. 1976-ஆம் ஆண்டில் அம்மாகாணத்தில் பிடித்தல் நின்றது. ஆயினும், அரை நூற்றாண்டு கடந்த இன்றும் அக்கூட்டம் எண்பதுக்குக் குறைவாகவே உள்ளது. உணவாகும் சால்மன் மீன் குறைந்ததும் நீர் மாசுற்றதும் பிற காரணங்கள் என்பது மெய்யே. ஆனால் ஒரு தலைமுறைத் தாய்மார்களை இழந்த கூட்டம் அவ்விடர்களைத் தாங்கும் வலிமையையும் இழந்தது.

ஆகவே, குளத்தில் துள்ளும் ஓர் ஓங்கிலைக் காணும்பொழுது அதனை ஒன்று என்று எண்ணுதல் தவறு. பிடிக்கும்போது மடிந்தவை, தாயை இழந்தவை, கொண்டுசெல்லும் வழியில் மாண்டவை ஆகிய யாவற்றையும் அக்கணக்கில் சேர்த்தல் வேண்டும். உயிர் தப்பிய ஓங்கில்களுக்கும் ஆபத்து அன்றோடு தீர்வதில்லை. புட்டிமூக்கு ஓங்கில்களைப் பற்றி 1995-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, பிடிபட்ட முதற் சில நாட்களில் அவை இறக்கும் வாய்ப்பு வழக்கத்தினும் ஏறக்குறைய ஆறு மடங்கு என்றும், இயல்பு நிலைக்கு வர ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகிறது என்றும் கணக்கிட்டது. கடலில் உயிருள்ள மீனை உண்டு அதிலிருந்தே நீரும் பெற்ற பிராணி, குளத்தில் உறைமீனை உண்கிறது. உறைமீனில் அழிந்துபோன உயிர்ச்சத்தைத் தனியே மருந்தாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

கண்காணிப்பின் எல்லை

"சர்வதேச ஒப்பந்தம் இருக்கிறதே, அது தடுக்காதா?" எனலாம். அருகிவரும் உயிரினங்களின் வாணிபம் பற்றிய ஒப்பந்தத்தின் அட்டவணைகளில் எல்லாத் திமிங்கில, ஓங்கில் இனங்களும் இடம்பெற்றுள்ளன என்பது உண்மையே. இரண்டாம் அட்டவணையிலுள்ள இனத்தை ஏற்றுமதி செய்யும் நாடு, அதனால் அவ்வினத்துக்குக் கேடில்லை என்று விஞ்ஞான அடிப்படையில் உறுதி கூறுதல் வேண்டும். ஆனால் எண்ணிப் பாராத கூட்டத்தைப் பற்றி அவ்வுறுதியை எங்ஙனம் கூறுவது?

பசிபிக் கடலிலுள்ள சாலமன் தீவுகளிலிருந்து 2003-ஆம் ஆண்டில் 28 ஓங்கில்கள் மெக்சிகோவின் கான்கூன் நகருக்கு விமானத்தில் அனுப்பப்பட்டன. ஏற்றுமதிக்கு முன் அத்தீவுகளில் ஓங்கில்கள் எத்தனை என்ற கணக்கெடுப்பே நடைபெறவில்லை. 2007-ஆம் ஆண்டில் மீண்டும் 28 ஓங்கில்கள் துபாய்க்குச் சென்றன. பின்னர் ஆராய்ந்தபொழுது, அக்கடலில் உள்ளவை தீவுதோறும் பிரிந்து வாழும் சிறு கூட்டங்களே என்பது தெரியவந்தது. நம் ஆசிரியரின் மாணவன் கண்ட வேடிக்கையில் இருந்தவை அவையோ, வேறெங்கோ பிறந்தவையோ, நாம் அறியோம். ஆனால் வேடிக்கை பார்க்கச் செலுத்தும் நுழைவுக் கட்டணம் எத்தகைய தொழிலுக்குச் செல்லக்கூடும் என்பதை அறிவோம்.

ருஷ்யாவின் கிழக்குக் கோடியில் நகோத்கா துறைமுகத்தை அடுத்த விரிகுடா ஒன்றில், 2019-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 11 ஓர்க்காக்களும் 87 பெலுகா எனும் வெண்திமிங்கிலங்களும் மிதவைத் தொட்டிகளில் நெருக்கி அடைக்கப்பட்டிருந்தன. சீனாவில் புதியனவாகத் தோன்றிய கடற்காட்சியகங்களே இவ்வாணிபத்தின் முக்கியச் சந்தை. உலகெங்கும் கண்டனம் எழுந்த பின்னர், அவ்வாண்டு இறுதிக்குள் அவை கடலில் விடப்பட்டன. ஒப்பந்தத்தின் ஏடுகள் மட்டும் அவற்றைக் காக்கவில்லை. மக்களின் அபிப்பிராயமே காத்தது.

நம் நாட்டின் நிலை

இவ்வாணிபம் நம் கரையையும் ஒருமுறை தொட்டதுண்டு. 1990-களின் பிற்பகுதியில் சென்னைக்கு அருகே ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் பல்கேரியாவிலிருந்து ஓங்கில்கள் தருவிக்கப்பட்டன. சில மாதங்களுக்குள் அவை இறந்துபோயின. பிற்காலத்தில் வேறு சில இராஜ்யங்களிலும் இத்தகைய காட்சியகங்கள் அமைக்கத் திட்டங்கள் எழுந்தன. அவற்றுக்கு விடையாக 2013-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் நாள் மத்திய அரசாங்கத்தின் சுற்றறிக்கை வெளிவந்தது. வாணிப நோக்குடைய பொழுதுபோக்குக்காகவும் காட்சிக்காகவும் ஓங்கில், திமிங்கில இனங்களைப் பிடிப்பதையும் இறக்குமதி செய்வதையும் உள்ளடக்கிய எத்திட்டத்தையும், அது தனியாருடையதாயினும் அரசு நிறுவனத்தினுடையதாயினும், இராஜ்ய அரசாங்கங்கள் நிராகரிக்க வேண்டும் என்று அது அறிவுறுத்தியது. மிகுந்த அறிவும் உணர்வும் படைத்த இப்பிராணிகளை வேடிக்கைக்காகச் சிறைவைப்பது ஒழுக்கத்துக்கு ஒவ்வாதது என்பதே அதன் கருத்து.

இது போற்றத்தக்க முடிவு என்பதே என் துணிபு. ஆனால் சுற்றறிக்கை என்பது நிருவாக ஆணை. உல்லாசப் பயணத் தொழிலின் வருவாயைக் காட்டி அதனைத் தளர்த்துமாறு நாளை ஒருவர் கேட்கக்கூடும். காரணத்தை அறிந்த மக்கள் அதன் பின்னே நின்றாலன்றி அது உறுதி பெறாது. அவ்வறிவை ஊட்டும் பொறுப்பு ஆசிரியர்களையும் கள ஊழியர்களையும் சார்ந்தது.

இவ்வாணிபம் நம் நாட்டு இனங்களையும் தொடக்கூடியதே என்பதை மறத்தலாகாது. சிலிகா ஏரியில் வாழும் ஐராவதி ஓங்கில், தென்கிழக்கு ஆசியாவில் காட்சியகங்களுக்காகப் பிடிக்கப்பட்டு வந்தது. இக்காரணத்தையும் கருதியே 2004-ஆம் ஆண்டில் அவ்வினம் சர்வதேச ஒப்பந்தத்தின் முதல் அட்டவணைக்கு மாற்றப்பட்டது.

எதிர்வாதங்கள்

காட்சியகத்தார் கூறும் வாதங்களுள் சில செவிசாய்க்கத் தக்கவை. குளத்திலேயே பிறந்த ஓங்கில்களைக் கொண்டு காட்சி நடத்தலாமே என்பது ஒன்று. சில நாடுகளில் அவ்வாறு நடைபெறுவதும் மெய்யே. ஆனால் புதிதாகத் தொடங்கும் காட்சியகத்துக்கு முதல் பிராணிகள் எங்கிருந்தோ வரவேண்டும்; எண்ணிக்கை குறையும்பொழுது கடலையே நாடும் ஆசை எழும். நாம் தொடங்காதிருப்பதே எளிது. தொடங்கிய நாடுகள் நிறுத்துவதற்குப் படும் பாட்டைக் காண்கிறோம். பிரிட்டனில் கடைசிக் காட்சியகம் 1993-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. கானடா 2019-ஆம் ஆண்டிலும், பிரான்ஸ் 2021-ஆம் ஆண்டிலும் சட்டம் இயற்றின. முன்பிருந்த பிராணிகளை எங்கே வைப்பது என்ற சிக்கல் இன்னும் தீர்ந்தபாடில்லை.

காட்சி கல்வி புகட்டுகிறது என்பது மற்றொன்று. வளையத்துள் பாய்வதும் பந்தை மூக்கில் ஏந்துவதும் ஓங்கிலின் இயல்பான வாழ்க்கையைப் பற்றி என்ன கற்பிக்கின்றன? மீன்துண்டு கிடைக்கும் என்பதற்காக ஒரு பிராணி மனிதன் சொற்படி ஆடும் என்பதையே குழந்தை கற்கிறது. இயற்கை நமக்கு வேடிக்கை காட்டவே உள்ளது என்ற எண்ணம் இளமையில் பதிந்தால், பிற்காலத்தில் எத்தனை பாடம் நடத்தினும் அதனை நீக்குதல் அரிது.

செய்யத்தக்கவை

ஆசிரியரின் கேள்வியில் ஒரு நியாயம் எஞ்சியிருக்கிறது. குழந்தைகள் ஓங்கிலைக் காண விரும்புவது தவறன்று. அதற்குரிய இடம் கடலும் ஆறுமே. சிலிகா ஏரியின் சாதபாடாவிலும், பீகாரில் சுல்தான்கஞ்ச் முதல் கஹல்காவ் வரையுள்ள விக்ரமசிலா கங்கை ஓங்கில் சரணாலயத்திலும் அவற்றை இயல்பான நிலையில் காணலாம். படகை நெருங்கச் செலுத்தாமலும், துரத்தாமலும், எந்திரத்தை நிறுத்தி ஒதுங்கி நின்றும் காணுதல் வேண்டும். பல படகுகள் சூழ்ந்து விரட்டினால் அதுவும் ஒருவகைக் கொடுமையே. 2025-ஆம் ஆண்டில் வெளியான முதல் ஆற்று ஓங்கில் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் அவை 6,327. நம் தேசிய நீர்வாழ் பிராணியான கங்கை ஓங்கிலைப் பற்றி வகுப்பில் ஒரு நாள் பேசினாலும் நன்று.

கள ஊழியர்களுக்கு ஒரு சொல். நம் கடலில் ஓங்கில்களுக்கு நேரும் பெருங் கேடு காட்சியகமன்று, செவுள்வலை என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். குளத்துக்குக் கதவடைத்துவிட்டோம் என்று பெருமை பேசி வலையில் மடிபவற்றை மறந்துவிடலாகாது. உயிருடன் கரையொதுங்கிய ஓங்கிலைத் தொட்டியிலோ குளத்திலோ இட்டுக் காட்சிப்பொருள் ஆக்கலாகாது. அதனை நிமிர்த்திவைத்து, ஈரத்துணி போர்த்தி, தலைமேலுள்ள மூச்சுத் துளையை மூடாமல், வாலையோ துடுப்பையோ பற்றி இழுக்காமல், வேடிக்கை பார்ப்போரை விலக்கி, வன இலாகாவுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். இறந்து கிடப்பின் இனம், நீளம், பால், இடம், நாள் ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும். எண்ணிப் பாராத கூட்டத்தை எவரும் எளிதில் விற்றுவிடலாம் என்பதே சாலமன் தீவுகள் தரும் பாடம். ஊழியர் ஒருவர் எழுதும் ஒவ்வொரு குறிப்பும் அந்நிலை நம் கடலுக்கு வாராமல் காக்கும்.

முகாம் முடிந்தபின் அவ்வாசிரியரிடம் இவற்றையெல்லாம் எடுத்துரைத்தேன். அவர் சிறிது நேரம் எண்ணிப் பார்த்து, "அந்தப் பையனிடம் நான் என்ன சொல்வது? அவன் ஆசையாகப் பார்த்துவிட்டு வந்திருக்கிறானே" என்று கேட்டார். அவனைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை என்றேன். அவன் கண்ட ஓங்கில் எங்கே பிறந்தது, அதன் தாய் எங்கே இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளை மட்டும் வகுப்பில் கேளுங்கள். விடையைப் பிள்ளைகளே தேடட்டும் என்றேன். அடுத்த முறை நுழைவுச்சீட்டு வாங்க வரிசையில் நிற்கும் பெற்றோரிடம் அப்பிள்ளைகளுள் ஒருவர் அதே கேள்விகளைக் கேட்பாராயின், எந்தச் சுற்றறிக்கையும் செய்ய இயலாத பணி நிறைவேறியதாகும்.